கேள்விக்குறிக்குக் கோடு கிடையாது

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். காலையில் எழுந்து பார்த்தாலும் போதும். பிள்ளை இப்போதுதான் உறங்கினாள். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு கிடைக்கிற இந்தக் கொஞ்ச நேரம்தான் என்னுடையது. அதிலும் பாதி, அவள் சிணுங்குகிறாளா என்று காது கொடுப்பதிலேயே போய்விடுகிறது.

ரெஜினாவின் முப்பதாம் நாள் பூசையன்று வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறிய நினைவு மலர் அச்சடிக்கப் போகிறார்களாம். கண் பிரிவில் அவளோடு வேலை பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று அவள் அண்ணன் கேட்டிருந்தார். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்தில் நிற்கவில்லை. அவளைப் பற்றி எழுதப் போய் என் வீட்டுக் கதைக்குள் வந்து மாட்டிக்கொண்டேன். அதனால் முதலில் நம் பிரிவுக் குழுவில் உங்களுக்கே அனுப்புகிறேன். எதை அச்சில் போடலாம், எதை விடலாம் என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

சேதி வந்தது ஒரு காலை வேளையில். பிள்ளைக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். போனில் ரெஜினாவின் பெயர் வந்தது. கூழ்க் கையோடு எடுத்து, "என்னடி, விடிஞ்சதும் விடியாததுமா எனக்கு எரர் போட வந்துட்டியா?" என்றேன். அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல், "நான் ரெஜினா அண்ணன் பேசறேம்மா. அவ போன்லேருந்துதான் எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றது. "நெஞ்சப் புடிக்குதுன்னா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கிட்டேதான் வந்தா. ஹார்ட்டா இருக்கலாம்ங்கறாங்க."

இருக்கலாம் என்ற அந்தச் சொல்லை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குத்தான் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. ஏன் என்று உங்களுக்குப் புரியும். கும்பகோணத்தில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரை உங்களில் ஒருவர் குழுவில் போட்டிருந்தார். அதில் 'மாரடைப்பால்' என்று தீர்மானமாக அடித்திருந்தது. அவள் இருந்திருந்தால் அந்தச் சொல்லைச் சிவப்பில் வட்டமிட்டு, "டாக்டர் எங்க எழுதியிருக்காரு, காட்டு" என்று கேட்டிருப்பாள்.

அடக்கத்துக்கு நான் வரவில்லை. நீங்கள் எல்லோரும் கவனித்திருப்பீர்கள். புடவையை மாற்றிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன். என் மாமியார் கோபமாகவெல்லாம் சொல்லவில்லை, "பால் குடிக்கிற புள்ளய வச்சிக்கிட்டு சாவு வீட்டுக்குப் போவாங்களாம்மா? அந்தப் பொண்ணே உன்னைத் திட்டும்" என்று தோளைத் தொட்டுத்தான் சொன்னார். வலங்கைமானிலிருந்து கும்பகோணம் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் தினமும் வந்து போன தூரம். அன்று கும்பகோணம் பஸ் எங்கள் ஊர் நிறுத்தத்தில் நின்று கிளம்பிய சத்தத்தை உள்ளே நின்றபடி கேட்டேன்.

பூசைக்கு வருகிற உறவினர்களில் பலருக்கு ரெஜினா என்ன வேலை பார்த்தாள் என்றே தெரியாது என்று அவள் அண்ணன் சொன்னார். அவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துக் குறிப்பு எழுதுவார். அந்தக் குறிப்பைக் கும்பகோணத்தில் பாத்திரக் கடை மாடியில் உட்கார்ந்து நாங்கள் படிப்போம். நோய்க்கு உரிய எண்ணைப் போடுவோம். அந்த எண்ணை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ்காரர்கள் மற்றதையெல்லாம் முடிவு செய்வார்கள். கருவிழி தேய்ந்தும் படிந்தும் சிதைகிற நோய்கள் ரெஜினாவுக்கும் எனக்கும் வந்த பங்கு. அதில் கண்ணுக்குக் குறுக்கே சுண்ணாம்புச் சத்து பட்டையாகப் படிவது ஒன்று, ஓரம் தேய்வது ஒன்று, முடிச்சு முடிச்சாகத் திரள்வது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த எண்ணின் கடைசி இலக்கம் எந்தக் கண் என்று சொல்லும். ஒன்று என்றால் வலது, இரண்டு என்றால் இடது, மூன்று என்றால் இரண்டும்.

இந்த எண்ணுக்கு நாங்கள் சொல்கிற பெயர் கோடு, ஆங்கிலச் சொல்தான். என் மாமனாருக்கு அது பேனாவால் இழுக்கிற கோடாகத்தான் கேட்டது. டீக்கடையில், "எங்க மருமக அமெரிக்காக்காரன் கண்ணுல கோடு போடுறா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இதை ரெஜினாவிடம் சொன்னபோது அவள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "சரியாத்தாண்டி சொல்லியிருக்காரு. பட்டையா படியுற நோய்ல கண்ணுல கோடுதானே விழுது? நாம அது மேல இன்னொரு கோடு போடறோம்."

இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் அப்போதுதான் கல்யாணமாகி வலங்கைமானுக்கு வந்திருந்தேன். முதல் வாரம் எங்கள் எல்லோருக்கும் வந்த தடுமாற்றம் ஒன்றுதான். டாக்டர் வரைந்து வைத்த படத்தில் வலது கண் நமக்கு இடப்பக்கம் இருக்கும். பார்த்ததும் கை தானாக இரண்டைப் போட்டுவிடும். ரெஜினா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். பார்வையாளர் நாற்காலியை இழுத்து, முதுகு தன் பக்கம் இருக்கும்படி திருப்பிப் போட்டுக்கொள்வாள். நோயாளி நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டால் அவர் வலமும் நம் வலமும் ஒன்றாகிவிடும். மேனேஜர் ஒருமுறை தெரியாமல் அந்த நாற்காலியில் உட்காரப் போக, "சார், அதுல ஆள் இருக்கு" என்று அவள் சொன்னதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

எங்கள் ஊரில் சாமி மானை வலது கையில் பிடித்திருக்கிறார், மற்ற ஊர்களில் இடது கையில் என்று சொல்வார்கள். ஊர்ப் பெயரே அதனால்தான். இதைத் தெரியாத்தனமாக அவளிடம் சொல்லிவிட்டேன். "சாமிக்கே கை மாறிப்போன ஊர்லேருந்து வந்தவ, இவளுக்கு எப்படி வலது இடது தெரியும்?" என்றாள். அன்றிலிருந்து என் பெயர் வலங்கை. வீட்டில் என்னை ஏம்மா என்பார்கள், பாப்பா அம்மா என்பார்கள், மூத்தவன் பொண்டாட்டி என்பார்கள். வலங்கை என்று கூப்பிட ஒருத்திதான் இருந்தாள்.

பிறகு அவள் ஆடிட்டர் ஆனாள். நாங்கள் போட்ட கோடுகளைச் சரிபார்க்கும் வேலை. அவள் கையால் திட்டு வாங்காதவர்கள் நம்மில் யாரும் இல்லை. ஒரு புதுப் பெண்ணை அழவே வைத்தாள். அடுத்த நாள் அவளுக்கு மட்டும் பிளம் கேக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போட்ட எரரை நீக்காமல் அப்படியே வைத்திருந்தாள். என்னையும் விடவில்லை. ஒரு டாக்டர் 'அநேகமாக முடிச்சுச் சிதைவு' என்று எழுதியிருந்தார். நான் முடிச்சுச் சிதைவுக்கே கோடு போட்டேன். ரெஜினா அநேகமாக என்ற சொல்லை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினாள். நான் கீழே காபிக் கடையில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரே நாள்ல சேந்துட்டு எனக்கே எரர் போடறியா?"

"சேந்தது ஒரே நாள். படிக்கறது வேற வேறயா இருக்கே."

"அநேகமான்னா ஆமான்னுதானேடி?"

"உங்க அத்தை 'அநேகமா இன்னிக்கு மீன் கொழம்பு'ன்னு சொன்னா, மீன் வர்றதுக்கு முன்னாடியே சோத்தப் பெசஞ்சிடுவியா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் விடவும் இல்லை. "பாத்த டாக்டரே சந்தேகமா எழுதறாரு. பாக்காத நீ எப்படித் தீர்ப்பு சொல்லுவ? கண்ணு மங்கலா தெரியுதுன்னு அந்த ஆளு வந்திருக்காரு. மங்கல்னு போடு. அது நிஜம். கேள்விக்குறிக்குக் கோடு கிடையாதுடி, வலங்கை."

டாக்டரின் குறிப்பு தெளிவாக இல்லை என்றால் அவருக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பலாம். க்வெரி என்போம். அதிலும் ரெஜினாவுக்கு ஒரு பிடிவாதம். நம்மில் ஒருவர், பெயர் வேண்டாம், 'இரண்டு கண்களும்தானே?' என்று எழுதி அனுப்பப் போனார். அவள் பிடித்து நிறுத்தினாள். "தானேன்னு கேட்டா, அவரு இருக்கற அவசரத்துல ஆமான்னுடுவாரு. பதில உள்ள வச்சிக் கேக்காத. எந்தக் கண்ணுன்னு மட்டும் கேளு. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டுக் காத்திரு. காத்திருக்கத் தெரியாதவங்கதான் பதிலையும் தானே எழுதிடறாங்க."

பிள்ளை பிறந்ததும் நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கினேன். என் கணவர் சிங்கப்பூர் போய்விட்டார். நெல் மூட்டை அடுக்கிய அறையில் ஒரு மேசை. மின்சாரம் போனால் மாமனார் ஓடிவந்து இன்வெர்ட்டரைப் போட்டுத் தருவார். நல்ல மனிதர்கள். அதுதான் சிக்கலே. யாரையாவது குறை சொல்லிவிட்டு வெளியே வர முடிந்தால் என்றைக்கோ வந்திருப்பேன். அந்த அறையில் நாளெல்லாம் சிதைந்த கருவிழிகளைப் படித்துவிட்டு எழுந்து போய்ப் பிள்ளையின் கண்ணில் போன் டார்ச்சை அடித்துப் பார்ப்பேன். கண்ணில் கொஞ்சம் தண்ணீர் வந்தாலும், சத்துக் குறைவால் கருவிழி கரைகிற நோயின் கோடுதான் எனக்கு ஞாபகம் வரும். ஒரு நாள் ரெஜினாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "பெத்த புள்ள கண்ணுக்குக் கோடு தேடாதடி! டார்ச்ச அணை முதல்ல. அவ அழுதிருப்பா, அதான் தண்ணி. முருங்கைக் கீரைய மசிச்சுக் கொடு. மிச்சம் இருந்தா எனக்கும் பஸ்ல கொடுத்து அனுப்பு." பிறகு தினமும் மாலை டீ நேரத்தில் கூப்பிடுவாள். என்ன சமையல், பிள்ளை கவிழ்ந்தாளா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் எங்கே பிழை விட்டேன் என்று சொல்வாள்.

இனி நான் சொல்லப் போவது மலருக்கு ஆகுமா என்று தெரியவில்லை. ஆனால் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது இதைப் பற்றித்தான்.

எங்களுக்குக் குடமுருட்டி ஆற்றுப் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது. என் மாமனாரின் அப்பா அந்த வயலில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர். நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலத்தை அரசாங்கம் கூலிக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது அவருக்குப் பட்டா கிடைத்தது. அந்தப் பட்டா கைக்கு வருவதற்கு முன்னால் பட்ட அடியையும் போட்ட கேஸையும் என் மாமனார் இன்றைக்கும் நேரில் பார்த்தவர்போலச் சொல்வார். நிலம் பிறகு இரண்டு மகன்களுக்கும் பிரிந்தது. வாய்க்கால் தலைப்பில் இருக்கிற பங்கு மூத்தவருக்கு, அதாவது பெரிய மாமாவுக்கு. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். கீழ்ப் பங்கு மாமனாருக்கு. இரண்டையும் உழுவதும் விதைப்பதும் மாமனார்தான். தண்ணீர் பெரிய மாமாவின் பங்கைத் தாண்டித்தான் எங்கள் பங்குக்கு வர வேண்டும்.

போன வருஷம் பெரிய மாமா யாரிடமும் சொல்லாமல் தன் பங்கை விற்றுவிட்டார். வாங்கியவர் ஒரு கரைவேட்டிக்காரர். எந்த ஆட்சி வந்தாலும் அவர் வேட்டிக் கரை அதற்குத் தகுந்தபடி இருக்கும். பட்டா நிலத்தை விற்கக் கூடாது என்ற நிபந்தனைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் விற்பதற்குத் தடையும் இல்லை. கல் ஊன்றி மனை போடப் போகிறார்கள். வாய்க்காலைத் தூர்த்துவிட்டால் எங்கள் பங்கு காய்ந்துவிடும். "கவருமெண்டு குடுத்த நெலத்த கவருமெண்டுக்காரன் ஆளே வளைச்சிட்டான்" என்று மாமனார் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

கிரயத்துக்குக் கொஞ்ச நாள் கழித்து, கண் மங்குகிறது என்று சொன்ன பெரிய மாமாவைத் தஞ்சாவூருக்கு நான்தான் அழைத்துப் போயிருந்தேன். போகிற வழியெல்லாம் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தார். டாக்டர் இடது கண்ணைப் பார்த்து, பட்டையாகச் சுண்ணாம்புச் சத்து படிந்திருக்கிறது என்று எழுதினார். வலது கண்ணைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "இதுலயும் ஆரம்பம் மாதிரி இருக்கு. அடுத்த தடவ பாப்போம்" என்று சொல்லி, ஒரு கேள்விக்குறி போட்டு, பக்கத்தில் அதே நோயின் பெயரை எழுதினார். "வெத்தலைக்குத் தடவுன சுண்ணாம்பு கண்ணுல ஏறிடுச்சும்மா" என்று பெரிய மாமா டாக்டரிடமே சொல்லிச் சிரித்தார்.

மாமனார் வைத்த வக்கீல் அந்தச் சீட்டைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு கண்ணும் தெரியாதவரை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று சொல்லிவிட்டால் கிரயம் நிற்காது என்றார். என் பக்கம் திரும்பினார்.

"டாக்டரு பேப்பர்ல இருக்கறதத்தான் சொல்லுவாரு. வீட்டு மனுஷி சொல்லணும்மா. கூட்டிட்டுப் போனது நீ. கண்ணு விஷயம் படிச்சவ. விக்கறதுக்கு முன்னாலேருந்தே ரெண்டு கண்ணும் தெரியாது, கையப் புடிச்சுத்தான் கூட்டிட்டுப் போவேன்னு ஒரு பிரமாணப் பத்திரம். அவ்வளவுதான்."

"வலது கண்ணுக்குக் கேள்விக்குறிதாங்க போட்டிருக்கு."

"அந்தக் கேள்விக்குறிய நீ ஏம்மா படிக்கற?"

இவ்வளவும் பேசும்போது பெரிய மாமா முற்றத்தில் உட்கார்ந்து முறத்து உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வக்கீல் அவரைப் பார்த்தார். பிறகு மாமியாரிடம், "மொதல்ல அந்த முறத்த உள்ள எடுத்து வைங்க. யாராவது பாத்தா கேஸ் கெட்டுடும்" என்றார். அன்றிலிருந்து பெரிய மாமாவுக்கு முறமும் இல்லை, டீக்கடையும் இல்லை. ஒரு கறுப்புக் கண்ணாடியும் கைத்தடியும் வாங்கிக் கொடுத்து நெல் அறைக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் வேலை பார்க்கிறேன், அந்தப் பக்கம் அவர். அவர் இருமினால் எனக்குக் கேட்கும்.

மாமனார் என் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "எனக்காம்மா இந்த நெலம்? இவளுக்குத்தானே" என்றார். சிங்கப்பூரிலிருந்து கணவர், "ஒரு கையெழுத்துதானே? அப்பா சொல்றதச் செஞ்சிடேன்" என்றார். தானே என்று அவர் சொன்னதும் எனக்கு ரெஜினாதான் நினைவுக்கு வந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவள் பூசை முடிந்து வந்திருப்பாள் என்று பார்த்துக் கூப்பிட்டேன்.

முறம் கதையைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அடங்கியதும் குரல் மாறியது.

"நீ என்ன சொல்லப் போற?"

"தெரியலடி. நெலம் போயிடுமே."

"நெலம் யாருக்குன்னு கோர்ட்டு கோடு போடட்டும். உன் முன்னாடி இருக்கறது ஒரு சார்ட்டு, டாக்டர் எழுதின சீட்டு. அதுல என்ன இருக்கோ அதுதான் உன்னோடது. ஆமா, அந்தப் பெரியவர யாராவது கேட்டீங்களா?"

"என்னன்னு?"

"பாத்தியா, க்வெரியே போகல. இத்தனை பேரு உக்காந்து அவரு கண்ணுக்குக் கோடு போட்டிருக்கீங்க. போய்க் கேளுடி. பதில உள்ள வைக்காமக் கேளு. கேட்டுட்டு எனக்குப் போன் பண்ணு."

"அதுக்கப்புறம் நான் இந்த வீட்டுல இருக்க முடியாது ரெஜி."

பின்னணியில் அவள் அம்மா யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. "எங்க வீட்டுக்கு வந்துடு. அம்மா ரூம்ல ஒரு கட்டில் சும்மாதான் கெடக்கு. தூளி கட்ட உத்தரத்துல வளையம் இருக்கு, எங்கண்ணன் புள்ளைக்குப் போட்டது. மாமியார் மாதிரி மீன் கொழம்பு மட்டும் என்னால முடியாது" என்றாள்.

நான் கேட்பதைத் தள்ளிப் போட்டேன். அந்த வாரத்திலேயே அவள் அண்ணனின் போன் வந்தது.

அதன் பிறகுதான் பெரிய மாமாவிடம் போனேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "பெரிய மாமா, உங்க கண்ணுக்கு என்ன தெரியுது?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். டீயை ஒரு வாய் குடித்தார். "இடதுல சுண்ணாம்பு அடிச்ச சுவரு. வலதுல நீ இருக்க. இடுப்புல பாப்பா. பாப்பா கம்மல் திருகு கழண்டு தொங்குது பாரு, விழுந்துடப் போவுது."

தொட்டுப் பார்த்தேன். கழன்றுதான் இருந்தது.

"அன்னிக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ்ல என்ன நடந்துச்சு, பெரிய மாமா?"

"படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன்." டம்ளரைத் தரையில் வைத்தார். "இந்த வீட்டுல எந்த நெல்லு விடறது, எப்ப அறுக்கறதுன்னு என்னை யாராவது ஒரு வார்த்த கேட்டிருக்காங்களா? என் பேருல உள்ள நெலம்தான். வித்தாவாவது ஏண்டான்னு கேப்பான் என் தம்பின்னு பாத்தேன். கேக்கலியே. குருடன்னுட்டான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "வாய்க்கால் அடைபட்டுப் போகும்னு தோணலியா?" என்று கேட்டுவிட்டேன். ரெஜினா இருந்தால் இந்தக் கேள்வியை வட்டமிட்டிருப்பாள்.

அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். "தோணுச்சு. அது நான் செஞ்ச தப்புதான் தாயி. அதுக்குத்தான் சொல்றேன், அவங்க கேக்கறபடியே எழுதிக் குடுத்துடு. குருடனாவே இருந்துட்டுப் போறேன். நான் இன்னும் எத்தன நாளு? நீ இந்த வீட்டுல இருக்கணும்ல." சொல்லிவிட்டுக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதில் வந்துவிட்டது. போன் பண்ணிச் சொல்லத்தான் ஆள் இல்லை.

வருகிற திங்கட்கிழமை வக்கீல் பத்திரத்தோடு வருகிறார். நான் சொல்லப் போவதை மனதுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். இடது கண்ணில் படிந்திருக்கிறது. வலது கண்ணுக்கு டாக்டர் கேள்விக்குறி போட்டிருக்கிறார். பெரிய மாமா என் கையைப் பிடித்து நடந்ததில்லை. இதற்கு மேல் எதற்கும் கையெழுத்துப் போட மாட்டேன். மாமனாரிடம் ஒன்று மட்டும் கேட்கலாம் என்று இருக்கிறேன்: சுவருக்குப் பின்னால் போய் உங்கள் அண்ணனிடம் நிலத்தை ஏன் விற்றீர்கள் என்று ஒரு தடவை கேளுங்கள், கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள் என்று. அவர் கேட்பாரா, கேட்டால் வாய்க்கால் திரும்பி வருமா என்பதற்கெல்லாம் பதிலை நானே எழுதிக்கொள்ளப் போவதில்லை. அந்த நிலம் போனால் இந்த வீடு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்பதும் தெரியும். பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம், கையெழுத்தைப் போட்டுத் தொலைத்துவிடலாமா என்று கை போகிறது.

ரெஜினாவை நினைத்து ஒவ்வொருவரும் ஒன்றை வைத்துக்கொள்வீர்கள். அவள் சிரிப்பையோ, அந்தத் திருப்பிப் போட்ட நாற்காலியையோ. எனக்கு வலங்கை என்ற பெயர் இருக்கிறது. கூப்பிட ஆள் இல்லாவிட்டாலும் அதை விட மாட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிற பழக்கமும் இருக்கிறது. அவள் சொன்ன கட்டிலைப் பற்றி அவள் அம்மாவிடமோ அண்ணனிடமோ கேட்க எனக்கு மனம் வரவில்லை. மகளைப் பறிகொடுத்த வீட்டில் போய் அதை எப்படிக் கேட்பது?

அதனால் உங்களைக் கேட்கிறேன். பதிலை உள்ளே வைக்காமல்தான் கேட்கிறேன். திங்கட்கிழமைக்குப் பிறகு நானும் என் பிள்ளையும் எங்கே இருக்கலாம்?

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.